அந்தக் காலண்டரில் இருப்பது உப்பளம் இல்லை

மகளே, நீ கூப்பிடும்போதெல்லாம் போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை ஓரத்துக்கு நகர்ந்து வருகிறது. விழுந்துவிடாமல் பிடித்து நடுவில் வைக்கிறேன். எடுக்கத்தான் மனசு வரவில்லை. கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் உண்டு, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் எழுதுகிறேன். எதிர்ச் சுவரில் உங்கப்பா கடைக் காலண்டர் தொங்குகிறது. அதைப் பார்க்க வேண்டாம் என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். திருப்பிப் போட்டால் அது பின்னாலிருந்து என்னைப் பார்ப்பதுபோல் குறுகுறுத்தது. மறுபடியும் பழையபடியே போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அது வீட்டுக்கு வந்த அன்று நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவேண்டும், நீ அப்போது இங்கே இல்லை. உப்பு வியாபாரம் தொடங்கிய காலத்திலிருந்து உங்கப்பா கடைக் காலண்டரில் திருச்செந்தூர் முருகன்தான் என்பது உனக்குத் தெரியும். இந்த வருஷம் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. “எம்மவ சென்னையில போட்டோ படிக்கா, அவ எடுத்த படந்தான் இந்தத் தடவ” என்று கருவாட்டுக் கடைக்காரரிலிருந்து துறைமுக வாசல் டீக்கடை வரைக்கும் ஒருத்தர் விடாமல் சொல்லி வைத்திருந்தார். என்ன படம் என்று என்னிடம் மட்டும் காட்டவில்லை, அச்சாகி வந்ததும் பார் என்று சொல்லிவிட்டார். சிவகாசியிலிருந்து கட்டுக்கட்டாக வந்து இறங்கிய அன்று மத்தியானம், சாப்பிட வரும்போது ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே ஹாலுக்குப் போய் முருகனை இறக்கிவிட்டு அந்த ஆணியில் அதை மாட்டினார்.

நான் சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றேன். கறுப்பு வெள்ளைப் படம். மங்கலான தரையில் திட்டுத் திட்டாக வெள்ளை, அதன் ஓரமெல்லாம் நெளிந்து நெளிந்து போகிறது. குறுக்கே நேராக ஒரு கோடு. ஒரு மூலையில் கரும்புள்ளி ஒன்று. சத்தியமாகச் சொல்லுகிறேன், “எவ்வளவு அழகா இருக்கு!” என்று முதலில் சொன்னது நான்தான். உங்கப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

“பாத்தியா! முத்தையாபுரத்துக்கு அங்கிட்டு உள்ள உப்பளம் இது. பாத்த ஒடனே கண்டுபிடிச்சிட்டேன்லா. இந்தா குறுக்க போகுதே, இது வரப்பு. இந்தப் புள்ளி இருக்கே, அது உப்பு வாருத ஆளு. மேலருந்து டிரோன் வச்சு எடுத்திருக்கா. அதான் ஆளு இத்தினிக்காண்டு தெரியுதான்.”

அந்த ஆளைப் பார்க்கத்தான் நான் கிட்டே போனேன். புள்ளியை ஒட்டிப் பிறை மாதிரி ஒரு தழும்பு. பள்ளிக்கூடத்துக்குப் போன வயதில் எனக்கு முதுகில் கட்டி வந்து கீறிவிட்ட தழும்பு. உப்பு வாருகிற ஆள் என் மச்சம். குறுக்கே போகிற வரப்பு, ஜாக்கெட் விளிம்பு அழுத்திய தடம். கரண்டி கீழே விழுந்து சோறு சிதறியது. “என்னளா, மக எடுத்த படத்தப் பாத்து மயக்கமே வந்துட்டா?” என்று உங்கப்பா சிரிக்கிறார். நான் குனிந்து சோற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். அள்ளி முடித்த பிறகும் எழுந்திருக்க முடியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் படத்தை நீ எடுத்த விதம் எனக்கு மறக்கவில்லை. முதுகில் வெள்ளை விழ ஆரம்பித்தபோது எனக்கே தெரியாது. நான் குளித்துவிட்டு வந்தபோது நீதான் பார்த்தாய். பாளையங்கோட்டை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனதும் நீதான். “இது ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, தினமும் களிம்பு போடுங்கள், பரவுகிறதா குறைகிறதா என்று தெரிய ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்” என்று அவர் சொன்னார். லீவுக்கு வரும்போதெல்லாம் நீ சன்னலோரம் ஸ்டூலைப் போட்டு என்னைத் திரும்பி உட்கார வைப்பாய். என் கைக்கு எட்டாத இடத்தில் களிம்பு தடவுவாய், அதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்காக ஒரு படம். கேமரா கிளிக் என்று சத்தம் போடும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி ஊசி ஞாபகம்தான் வரும். உங்கப்பாவிடம் சொல்லாதே என்று உன் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை, நம் வீட்டில் அதைக் கேட்கவேண்டியதும் இல்லை. தாய்க்கு வெள்ளை என்றால் மகளைக் கேட்டு எவனும் வாசல் மிதிக்கமாட்டான் என்று நம் சாதி சனம் பேசுவதைக் கேட்டுத்தானே நீயும் வளர்ந்தாய். அந்தச் சமயம்தான் உன் அத்தை மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு சம்பந்தத்தைக் கொண்டு வந்திருந்தாள். நீயும் பையனோடு போனில் பேசிவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தாய். கைக்குப் பரவினாலும் தெரியக்கூடாது என்று நான் ஜாக்கெட்டை முழங்கை வரை இறக்கித் தைத்துக்கொண்டேன், கழுத்தை ஏற்றிக்கொண்டேன். வெயிலில் வெந்து செத்தாலும் சரி என்றிருந்தேன்.

அந்தச் சம்பந்தம் வந்த லீவில்தான் உன் வாத்தியார் மூன்று வேலை கொடுத்திருக்கிறார் என்று வந்து நின்றாய். ஒன்று, என்னவென்று தெரியக்கூடாது, ஆனால் கண்ணை எடுக்கமுடியாதபடி இருக்கவேண்டும். இரண்டாவது, அசைவைப் பிடிக்கவேண்டும். மூன்றாவது, ஒரு ஆளின் முகம். எனக்கு அந்த முதலாவது புரியவே இல்லை. என்னவென்று தெரியாத படத்தை எடுக்க எதற்குச் சென்னை, நான் கைபேசியில் எடுப்பதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது என்று கேட்டேன். நீ சிரித்தாய். இரண்டாவதற்கு என்னையே எடுத்தாய். அத்தை வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் கேமராவை அசையாமல் வைத்துவிட்டு ஒரே ஒரு படத்துக்காக வெகுநேரம் நின்றாய். படத்தைக் காட்டினாய். அத்தை தெளிவாக இருக்கிறாள், சோபா தெளிவாக இருக்கிறது, என் முகம்கூட ஓரளவு இருக்கிறது. என் வலது கை மட்டும் இல்லை. அந்த இடத்தில் தோளை நோக்கிப் புகைபோல ஏதோ ஒன்று. “ஆடிப்போச்சேளா, அழிச்சிரு” என்றேன். “ஆடினதுதாம்மா படம். நீ எத்தன தடவ சேலைய இழுத்து இழுத்து மூடுத, பாரு” என்றாய். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்றாவதற்கு என் முகத்தைக் கேட்டாய், முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். முதலாவதற்கு என்ன எடுத்தாய் என்று நான் கேட்கவே இல்லை.

காலண்டர் வந்த அன்று சாயங்காலம் நான் உன்னிடம் போனில் கத்தியது உனக்கு நினைவிருக்கும். தெருவுக்கே கேட்டிருக்கும். டாக்டரம்மாவுக்கு என்று எடுத்ததை வாத்தியாருக்குக் கொடுத்தாயா என்று கேட்டேன். நீ அழுதுகொண்டே சொன்னாய்: “வகுப்புல மட்டுந்தாம்மா காட்டுனேன். யாருதுன்னு சொல்லல. அப்பா எங்கிட்ட கேக்காம லேப்டாப்ல பாத்து இதான் வேணும்னு எடுத்துட்டாரு. வேண்டாம்பா, வேண்டாம்பான்னேன். கூச்சப்படுதேன்னு நெனச்சிட்டாரு. காரணத்தச் சொன்னா ஒன்னக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருமே.” அதுவரைக்கும் எனக்கு உன்மேல் பரிதாபம்கூட வந்தது. நான் வாங்கிய சத்தியமே உன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் அடுத்ததாக ஒன்று சொன்னாய் பார்: “யாருக்கும் தெரியாதும்மா.” எனக்குத் தெரியுமே, மகளே! இந்த ஊரில் உப்பு வாங்குகிற அத்தனை வீட்டுச் சுவரிலும் என் முதுகு தொங்குகிறது, அது எனக்குத் தெரியுமே! அங்கேதான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க எனக்குத் தெருவில் நடக்கவே கூசியது. டீக்கடையில் பார்த்தேன், மருந்துக் கடையில் பார்த்தேன். பரோட்டாக் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே மாட்டி, தேதிக் கட்டில் நனைந்த விரலை வைத்துத் தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகில் சுரீர் என்றது. சிரிக்காதே. அப்புறம்தான் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டைக்கு, உன் அத்தை வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பொங்கல் கழித்துப் பூ வைக்க வருகிறார்களாம், என்னென்ன செய்வது என்று பேசக் கூப்பிட்டிருந்தாள். காப்பி கொடுத்தாள், நல்லபடியாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். எழுந்து புறப்படும்போது, “ஏளா, மொதல்ல சாமி கும்பிட்டுட்டுப் போ” என்றாள். பூசை அறைக்குள் போனேன். வருஷா வருஷம் முருகன் காலண்டர் மாட்டுகிற அதே இடத்தில் இது. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு பெரிய பொட்டு, சரியாக என் மச்சத்துக்குப் பக்கத்தில். மேலே ஒரு முழம் மல்லிகை.

“மதினி, இது என்ன, இங்கன கொண்டு மாட்டிருக்கிய?” என்று எப்படியோ கேட்டேன். “தம்பி முருகன விட்டுட்டு இதப் போட்டுட்டானேன்னு எனக்கு ஆத்தாமையாத்தான் இருந்துச்சு. பெறவு நெனச்சேன், உப்பும் லட்சுமிதான? நம்ம குடும்பத்துக்குச் சோறு போடுத அளம்லா. அதான் பொட்டு வச்சேன். என்ன நிக்கே, கும்பிடு” என்றாள். கும்பிட்டேன், மகளே. வேறென்ன செய்ய? என் முதுகுக்கு நானே கை கூப்பி, கண்ணை மூடி, உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் உன் அத்தை திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசுகிறாள். எந்த வெள்ளை தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவாள் என்று நான் பயந்து பயந்து மூடினேனோ, அதற்குத்தான் பூச்சூட்டி வைத்திருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. 

மறுநாள் மத்தியானம் உங்கப்பா சாப்பிட உட்கார்ந்தார். சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றிவிட்டு, காலண்டர் பக்கத்தில் போய் நின்றேன். “ஏங்க, இங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, சேலையைத் தோளிலிருந்து தள்ளி, ஜாக்கெட்டைப் பின்னால் இறக்கினேன். பட்டப்பகலில் அவர் முன்னால் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மெதுவாகக் கேட்டார்: “அப்ப… அந்த உப்பு வாருத ஆளு?”

“அது மச்சம்.”

“வரப்பு?”

“ஜாக்கெட் அழுத்துன கோடு.”

திரும்பிப் பார்த்தேன். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. உங்கப்பாவின் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. “டிரோன்னுல்லா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்” என்றார். அப்புறம், “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றார். அதற்குப் பதில் சொல்ல வருவதற்குள் எழுந்து கையைக் கழுவிவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அத்தை வீட்டுக்குத்தான் போகிறார், எல்லாம் முடிந்தது என்று நினைத்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் போனது காலண்டரைத் திரும்ப வாங்க. கேட்டாயா இந்தக் கூத்தை! ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். அச்சில் தப்பு விழுந்துவிட்டது, வேறு தருகிறேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். டீக்கடைக்காரர், தேதியெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கருவாட்டுக் கடைக்காரர் ஒரேயடியாக மறுத்துவிட்டாராம். “அண்ணாச்சி, வேற என்ன வேணும்னாலும் கேளும், தாரேன். இதக் கேக்காதீரும். காலையில கடையத் தொறந்ததும் இத ரெண்டு நிமிசம் பாத்துட்டுத்தான் நான் தராசத் தொடுதேன்” என்றாராம். உங்கப்பாவால் காரணமும் சொல்லமுடியவில்லை, சண்டையும் போடமுடியவில்லை. பொழுது சாயும்போது வெறும் பையோடு வந்து அதை நாற்காலியில் போட்டார். “ஒருத்தனும் தரமாட்டேங்கான்ளா” என்றார். சொல்லிவிட்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மருந்து எங்க வச்சிருக்க? அவதான் இங்க இல்லையே, ஒனக்குக் கை எட்டாதுல்லா” என்று கேட்டார். நீ போன பிறகு அந்த இடத்தில் களிம்பு படவே இல்லை என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. உப்பு மூட்டை தூக்கிப் பழகிய கை அல்லவா, முதுகைத் தேய் தேய் என்று தேய்த்தார். “மெல்ல, இது ஒண்ணும் அளம் இல்ல” என்றேன். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு எனக்கும் அடக்கமுடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லுகிறேன். நீ செய்தது தப்பு. படம் நன்றாக இருக்கிறது என்பதால் அது தப்பில்லாமல் போகாது. அழகாக இருக்கிறது என்று என் வாயால் நானே சொன்னதும் உண்மைதான். சொல்லிவிட்டு அதை என்னால் திரும்ப வாங்க முடியவில்லை, உங்கப்பாவின் வெறும் பை மாதிரித்தான் என் கதையும். அந்த முதுகை நான் முழுதாகப் பார்த்ததே கிடையாது. இரண்டு கண்ணாடியை முன்னும் பின்னும் பிடித்து, துண்டு துண்டாக, அருவருப்போடு பார்த்திருக்கிறேன். யாருடையது என்று தெரியாமல் பார்த்தபோது பிடித்திருந்தது. என்னுடையது என்று தெரிந்ததும் கரண்டி விழுந்தது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு நொடி. அந்த நொடியை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது. இருந்தாலும் நீ என்னிடம் கேட்டிருக்கவேண்டும். நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது உனக்கும் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. நாளைக்குத் துறைமுகத்திலும் அளத்திலும் யார் யாரையோ எடுக்கப் போகிறாய். மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு வாய் இருக்கட்டும்.

கல்யாண விஷயம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போன பிறகு தெரிந்து, மூடி மறைத்தார்கள் என்று உன்னை ஒரு சொல் சொல்ல நான் விடமாட்டேன். உன் அத்தையிடம் ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் சொல்லப் போகிறேன். அவள் பூசை அறையில், அந்தப் பொட்டுக்கு முன்னால் நின்றே சொல்லப் போகிறேன். அவள் பொட்டை அழிப்பாளோ, என்னைத் திட்டுவாளோ, எனக்குத் தெரியாது. உங்கப்பா கூட வருகிறேன் என்கிறார். அந்தப் பையனிடம் நீ சொல். நான் சொல்லச் சொன்னேன் என்று சொல்லாதே, நீயாகச் சொல். விலகிப் போனால் எனக்கு நெஞ்சு வெடிக்கும், மறைக்கவில்லை. வெடித்தாலும் சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உன் கல்யாணப் பந்தலில் நிற்க இனி என்னால் ஆகாது. தையல்காரியிடம் பழைய அளவில் குட்டைக் கை ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருக்கிறேன். “என்னக்கா, பழயபடி கை கொறச்சாச்சா?” என்று கேட்டாள். ஆமா, புழுங்குது என்றேன்.

வாத்தியார் கேட்ட மூன்றாவது படத்தைக் கொடுக்கவே போவதில்லை, படிப்பே வேண்டாம், கேமராவைத் தொடமாட்டேன் என்று உங்கப்பாவிடம் சொல்லி அழுதாயாமே. அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடு. பொங்கலுக்கு வரும்போது கேமராவை எடுத்துக்கொண்டு வா. அதே சன்னலோரம், அதே ஸ்டூலில் உட்காருகிறேன். கை தோளுக்குப் போனாலும் போகும், ஊறிப்போன பழக்கம், போனால் போகட்டும். இந்தத் தடவை உனக்கு முதுகைக் காட்டி உட்காரமாட்டேன். எடுப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேள்.